முற்றத்துச் சுவரில் மூன்று அரசிகள்

ஜேர்மனியின் கொலோன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் நானும் பேர்பெச்சுவாவும் ஒன்றாக வேலை செய்கிறோம். ஒரே தொடர்மாடியில்தான் குடியிருக்கிறோம். மன்னார்க்காரியான அவள் எண்பத்திரண்டில் அகதியாக வந்தவள். மொழி வகுப்பில் கூடப் படித்த கானா நாட்டுக்காரர் குவாபெனாவைக் கட்டினாள். எங்கள் சனம் அதைப் பற்றி என்னவெல்லாம் கதைத்தது என்பதை எழுத எனக்குக் கை வராது. அவர்களுக்கு ஒரே ஒரு மகள், டெல்சி.

டெல்சிக்குத் தகப்பனின் நிறம், தகப்பனின் முடி. தமிழ்ப் பூசைக்கு வந்தால் பெண்கள் அவளுடைய தலையைத் தொட்டுப் பார்ப்பார்கள். "பிள்ளை தமிழும் கதைக்குதே" என்று அவளுக்கு முன்னாலேயே ஆச்சரியப்படுவார்கள். ஜேர்மன்காரரின் கோயில் பங்கில் கதை வேறு. அங்கே புது வருடம் பிறந்ததும் பிள்ளைகள் குழந்தை யேசுவைத் தேடி வந்த மூன்று ராசாக்களைப் போல உடுத்திக்கொண்டு, ஒரு பிள்ளை தடியில் நட்சத்திரம் பிடித்து முன்னே நடக்க, வீடு வீடாகப் பாடப் போவார்கள். அதில் ஒரு ராசா கறுப்பர். யாராவது ஒரு வெள்ளைப் பிள்ளையின் முகத்தில் கரி பூசிவிடுவது அந்தக் காலத்து வழக்கம். டெல்சி சேர்ந்ததும் பொறுப்பாக இருந்த பெண்மணி, "நல்லதாய்ப் போச்சு, இனிக் கரி தேவையில்லை" என்று சிரித்தார். அடுத்தடுத்த வருடங்களிலும் அவளுக்கு அதே வேடம்தான். பத்து வயதில், "இந்த முறை நான் நட்சத்திரம் பிடிக்கிறேன்" என்று கேட்டாள். "அப்போ கறுப்பு ராசா யார்?" என்றார் அந்தப் பெண்மணி. டெல்சி கிரீடத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு போகவேயில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததும், வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற தொழிலுக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்யப் போவதாகச் சொன்னாள். தாய்க்குப் பிடிக்கவில்லை.

"ஏணியிலை ஏறி நிக்கிறது பொம்பிளைப் பிள்ளையின்ர வேலையோ?"

"ஏணி ஒண்டும் கேக்காது அம்மா. சனந்தான் கேக்கும்."

சனம் கேட்கத்தான் செய்தது. வாளியும் உருளையுமாக அவள் போய் மணி அடித்தால், கதவைத் திறந்தவர்கள் பெயின்ற் அடிக்கிறவர் எப்போது வருவார் என்பார்கள். "வந்துவிட்டார்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போவாளாம்.

அந்தக் காலத்தில்தான் கறுப்பு ஜேர்மன் பெண்கள் கூடுகிற ஒரு குழு அவளுக்கு அறிமுகமானது. ஒரு புத்தகக் கடையின் பின்னறையில் சந்திப்பார்கள். தாங்கள் எழுதியதை வாசிப்பார்கள், பாடுவார்கள், கீறிய படங்களைக் காட்டுவார்கள். அங்கே போய்வந்த ஒரு நாள், குசினி மேசையில் என்னையும் வைத்துக்கொண்டு தாயிடம் சொன்னாள்:

"அம்மா, இனி ஆரும் கேட்டால் நான் கறுப்பி எண்டுதான் சொல்லுவன். அது பழிச்சொல் இல்லை. என்ர பேர் மாதிரி."

பேர்பெச்சுவாவின் முகம் மாறிவிட்டது. "அப்ப நான் உனக்கு ஆர்?"

"நீங்கள் என்ர அம்மா. நான் தமிழுந்தான். ஒண்டைச் சொல்லுறதுக்கு மற்றதைக் கழிக்கத் தேவையில்லை."

தாய் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாயிரத்து ஏழில் எங்கள் முற்றத்துச் சுவர் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. யாராவது நல்லதாய் ஏதும் கீறித் தந்தால் சந்தோசம் என்று குடியிருப்பு நிர்வாகி கேட்டார். டெல்சி ஒத்துக்கொண்டாள். அந்தக் கோடை முழுக்க வேலையால் வந்து சாரத்தில் ஏறி நின்றாள். முடிந்தபோது சுவரில் மூன்று அரசிகள் நடந்துகொண்டிருந்தார்கள். மூன்று பேரும் கறுப்பு. ஒருத்தியின் தோளில் பெயின்ற் உருளை. இன்னொருத்தியின் முதுகில் துணியால் கட்டிய குழந்தை. மூன்றாமவள் வெறுங்கையோடு தலையை நிமிர்த்தி வந்தாள். அவளுடைய முடி சுவரின் மேல்பாதி முழுக்க வானம்போலப் பரந்திருந்தது. நட்சத்திரம் அந்த முடிக்குள் இருந்தது. அந்த முகம் டெல்சியின் முகம்.

மேல்மாடி யாகோப்பு அண்ணை வந்து பார்த்தார். "பிள்ளை, வேதத்திலை ராசாக்கள் ஆம்பிளையள் எல்லோ?"

"வேதத்திலை ராசாக்கள் எண்டும் இல்லை, மூண்டு பேர் எண்டும் இல்லை மாமா. ஞானிகள் எண்டு மட்டுந்தான் கிடக்கு."

அவர் வீட்டுக்குப் போய் வாசித்துவிட்டு மறுநாள் வந்து, "ஓம் பிள்ளை, நீ சொன்னது சரி" என்றார்.

ஆனால் சில குடியிருப்பாளர்களுக்கு அது பொறுக்கவில்லை. இது கொலோனா ஆப்பிரிக்காவா என்று கேட்டு, சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று கூட்டம் கூட்டினார்கள். கூட்டத்தில் டெல்சி பேச எழும்பினாள். அவளுடைய கையைப் பிடித்து இருத்திவிட்டுப் பேர்பெச்சுவா எழும்பினாள். ஆஸ்பத்திரியில் மேலாளருக்கு முன்னால்கூட வாய் திறக்காதவள் அவள். தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் சொன்னாள்:

"இருபது வருடமாக இந்தப் படிகளில் ஏறி இறங்குகிறேன். படிக்கட்டுச் சுவரில் மலைப் படம் இருக்கிறது, கப்பல் படம் இருக்கிறது. அது யாருடைய மலை என்று நான் கேட்டதில்லை. என் மகள் இங்கே பிறந்தவள். தன் வீட்டுச் சுவரில் தன் முகத்தைக் கீறியிருக்கிறாள். அந்த முகத்துக்கு வெள்ளை அடிக்க விரும்புகிறவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டு கை உயர்த்துங்கள்."

குவாபெனா கண்ணைத் துடைத்தார். இரண்டு கைகள் மட்டும் உயர்ந்தன. அதில் ஒன்று பாதியில் இறங்கிவிட்டது.

வெளியே வந்ததும், "நிறையப் பிழை விட்டனானோ?" என்று மகளிடம் கேட்டாள்.

"ஓம் அம்மா. ஆனால் ஒருத்தருக்கும் விளங்காமல் போகேல்லை." சொல்லிவிட்டு டெல்சி தாயைக் கட்டிப்பிடித்தாள்.

சுவரைப் பார்க்கப் புத்தகக் கடைக் குழுவினர் வந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவரும் வந்தார். இரண்டாயிரத்து ஒன்பதில் டெல்சி தொழிலில் மேல்நிலையான மைஸ்டர் பரீட்சை பாஸ் பண்ணிச் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். இரண்டு பெண்களை வேலைக்கும் எடுத்தாள். அதே வருடம், பெண்களுக்கு உதவி செய்கிற நிலையம் ஒன்று தன் வெளிச்சுவரைக் கீறச் சொல்லிக் கேட்டது. அங்கே தாயை முன்னால் இருத்தி அவளைப் பார்த்துக் கீறினாள். பேர்பெச்சுவா கதிரையில் நேராக இருந்து, முதல் நாளே கட்டளை போட்டாள்:

"மெலிவாக் கீறினாலும் பரவாயில்லை, நிறத்தைக் குறைக்காதை."

டெல்சி சாயத்தைத் திரும்பத் திரும்பக் கலந்து, தாயின் கையோடு வைத்துப் பார்த்துத்தான் சுவரில் தொட்டாள். இப்போது நான் வேலைக்குப் போகிற ட்ராம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகிறது. பக்கத்தில் இருக்கிறவர் யாராக இருந்தாலும், அது என்னோடு வேலை செய்கிறவள் என்று சொல்லிவிடுவேன்.