அப்பா போடாத கையெழுத்து

அப்பா பூந்தமல்லியில் பிறந்தார். மீசை முளைத்ததும் மாமா ஒருவரோடு கப்பலேறி, வெள்ளைக்காரன் ஆண்ட கென்யாவில், மொம்பாசா ரயில் பட்டறையில் ஃபிட்டரானார். அங்கே ஒரே வேலைக்கு மூன்று சம்பளம். வெள்ளையருக்கு அதிகம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு, ஆப்பிரிக்கருக்கு எல்லாவற்றிலும் குறைவு. அப்பாவுக்குப் பக்கத்தில் அரம் பிடித்தவர் ஜுமா. சோளமாவு விலை ஏறியபோது அவர் கூலி உயர்த்தச் சொன்னார். அன்றே விரட்டிவிட்டு, வாசலில் வேலைக்குக் காத்துக் கிடந்த கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள்.

"நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்குத்தான் ஜாஸ்தி சம்பளமாச்சே, வாயத் தொறக்கல" என்பார் அப்பா. அதைச் சொல்லும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிடமாட்டார்.

திரும்பி வந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அயனம்பாக்கத்தில் குடித்தனம். தொழிற்சங்கத் தலைவரும் ஆனார். எண்பதுகளின் நடுவில் விலைவாசி தாறுமாறாக ஏற, பஞ்சப்படி கேட்டு எல்லோரும் கம்பெனி வாசலில் உட்கார்ந்தார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. நிரந்தரத் தொழிலாளருக்கு முழுப் பஞ்சப்படி, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அந்த ஒப்பந்தத்தில் அப்பா கையெழுத்துப் போட்டால், அவர் ஓய்வுபெறும்போது எனக்கு வாரிசு வேலை. நான் அப்போது பி.காம். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுச் சும்மா திரிந்தேன்.

அம்மா கேட்டார்: "ஊர்ல கீறவனுக்கெல்லாம் நாயம் பேசுற. ஊட்ல ஒருத்தன் குந்திகினு கீறானே, கண்ணுக்குத் தெர்ல?"

"தெரியுது. அந்தப் பசங்க சோத்தப் புடுங்கி இவன் தட்டுல போடச் சொல்றியா?"

"டயலாக் சூப்பரா கீது நைனா," என்றேன். "எனக்கு எவன் வேலை குடுப்பான்?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். கையெழுத்துப் போடாமல் வந்தார்.

சங்கம் வேறு தலைவரைப் போட்டுக் கையெழுத்திட்டது. காண்ட்ராக்ட் ஆட்கள் வேலையிழந்து வெளியே போனார்கள். அப்பா ஓய்வுபெற்றார், அந்த வேலை எனக்கு வரவில்லை. அப்பாவின் இந்த நினைவு மலரில் பலரும் அவரைத் தியாகி என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள். ரேஷன் பாமாயிலை அம்மா சொட்டுச் சொட்டாக ஊற்றியதை நீங்கள் பார்க்கவில்லை.

போன வருடம் அப்பாவின் இதயம் நின்றது. நெமிலிச்சேரியிலிருந்தும் நசரத்பேட்டையிலிருந்தும் அந்தக் காண்ட்ராக்ட் ஆட்கள் வந்து தோள் கொடுத்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அவர்களில் ஒருவரான ரவி கேட்டார்:

"தம்பி, வேலை கெடைச்சிதா?"

"இல்ல அண்ணாத்தே. உனக்கு?"

"தெனக்கூலிதான். வந்தா காசு, வராட்டி இல்ல."

மருத்துவமனைக்கு ஓடியவர்களுக்கும், எங்கள் வீட்டுக்குச் சமைத்து அனுப்பியவர்களுக்கும் நன்றி. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. அப்பா மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால், "கெடைச்சிது" என்று ரவியின் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.