மிர்கனி அழுத காட்சி

பர்ஸி தஹபை எகிப்து முழுவதற்கும் தெரியும், ஆனால் முதுகுப் பக்கமாகத்தான் தெரியும் என்று அவன் மனைவி நப்ரா சொல்லிச் சிரிப்பாள். உண்மைதான். கெய்ரோவில், தெற்கிலிருந்து வந்த கறுத்த நூபியன் ஒருவன் நடிக்கப் போனால் அவனுக்கென்று ஒரு வேடம் காத்திருக்கும்: வெள்ளை அங்கி, சிவப்பு இடைக்கச்சு, தலைப்பாகை, கையில் ஒரு தட்டு. கதவைத் திறப்பான், "பாஷா வந்துட்டாருங்க" என்பான், காப்பியை வைப்பான், போய்விடுவான். கேமரா அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து எஜமானியம்மாளின் கண்ணீரைப் பிடிக்கும்.

அவன் அப்பா சமையற்காரர். அண்ணன் தூதரகம் ஒன்றில் வாயிற்காவலர். பர்ஸி மட்டும் ஸ்டுடியோவில் தேநீர் கொடுக்கப் போய், வேலைக்காரனாக நடிக்க வேண்டியவன் ஒருநாள் வராததால் அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தவன். அன்றைக்கும் தேநீர்தான் கொடுத்தான், விளக்கு வெளிச்சத்தில் கொடுத்தான், அவ்வளவே வித்தியாசம். பிறகு நரை தட்டுகிற வரைக்கும் எத்தனை மாளிகைகளில் தட்டு ஏந்தினான் என்று அவனுக்கே கணக்கில்லை. தனக்கும் ஒரு முகம் இருக்கிறது, அதை ஒருநாள் கேமராவுக்குக் காட்ட வேண்டும் என்கிற ஆசை மட்டும் உள்ளே கனன்றுகொண்டே இருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

எண்பதுகளின் கடைசியில் ரமலான் மாதத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அதிர்ஷ்டம் லேசாகக் கண் திறந்தது. பெரிய வீடு, காணாமல்போன வைர மாலை, எடுத்தது யார் என்று மாதம் முழுக்க இழுக்கிற கதை. அதில் வேலைக்காரன் மிர்கனிக்கு எல்லா நாளும் வசனம் இருந்தது. "நீயே ஏதாவது பண்ணிக்கய்யா" என்று டைரக்டர் ரஃப்அத் விட்டுவிட்டார். பர்ஸி யோசிக்கவே இல்லை. கண்ணெதிரே மச்சான் இருந்தார்.

நப்ராவின் அண்ணன் அவத், மீசை முளைக்கிற வயதிலிருந்து, பணக்காரர்கள் குடியிருக்கிற ஜமாலிக்கில் ஒரே வீட்டில் வேலை பார்க்கிறவர். வீட்டுக்காரரான நீதிபதி ஐயா இறந்தபிறகு, எல்லோரும் ஹானிம் என்று மரியாதையாகக் கூப்பிடுகிற அவர் மனைவி கிஸ்மத் ஹானிமுக்கு வலதுகையும் இடதுகையும் அவர்தான். காப்பியை வைத்ததும் இரண்டடி பின்னால் போய், இடைக்கச்சை நீவிவிட்டு, "வீடு நிறைஞ்சு இருக்கட்டும்" என்பார். வீட்டில் சண்டை நடந்தால், அடுப்பில் பால் பொங்குகிற சத்தத்தைக் கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொள்வார். பர்ஸி அதையெல்லாம் அப்படியே அள்ளி மிர்கனிக்குக் கொடுத்தான். மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்க யாரிடம் கேட்பது என்று நினைத்துவிட்டான்.

மச்சானுக்கோ தலைகால் புரியவில்லை. நோன்பு திறந்தபிறகு ஹானிமும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொலைக்காட்சி முன்னால் உட்காருவார்கள், அவர் சோஃபாவுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். முதல் வாரமே சொல்லிவிட்டார்: "ஹானிம், அந்த மிர்கனி நான்தானுங்க. என் மாப்ளே என்னைப் பார்த்துதான் பண்றான்."

அப்தீன் பகுதியில் இருக்கிற ஊர்ச் சங்கத்திலும் அதே பேச்சு. தெற்கே அணை கட்டி ஊர் தண்ணீரில் மூழ்கியபிறகு கெய்ரோவில் இருக்கிற அவர்கள் எல்லோருக்கும் கல்யாணம், சாவு, சண்டை, சமாதானம் எல்லாமே அந்தச் சங்கத்தில்தான். அதன் சொல்லுக்குப் பெரிய வீடுகளில் மதிப்பு உண்டு. எங்காவது ஒரு பொருள் காணாமல் போய், இந்த ஊர்க்காரன்மேல் கண் விழுந்தால், சங்கத்து ஆள் ஒருவர் நேரே அந்த வீட்டுக்குப் போவார். "இவன் எங்க ஆள், இவனுக்கு நாங்க பொறுப்பு" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். பொருள் தொலையாத வீட்டுக்கு யாரும் அப்படிப் போனது கிடையாது.

ரமலான் தொடர்களின் லட்சணம் தெரிந்ததுதானே. முன்பாதி ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும், பின்பாதிக்கு இன்னும் கதையே முடிவாகியிருக்காது. மாலையை எடுத்தது இளைய மகன் என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். அந்த வேடத்தில் நடித்த அழகனுக்கு அதற்குள் ஊரெல்லாம் ரசிகைகள் சேர்ந்துவிட்டார்கள். "நான் திருடனா? முடியாது" என்று அவன் ஒப்பனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் காலையில் புதிய பக்கங்கள் வந்தன. திருடன் மிர்கனி.

பர்ஸி பக்கங்களை எடுத்துக்கொண்டு டைரக்டரிடம் போனான்.

"உஸ்தாஸ், மிர்கனி எடுக்கமாட்டானே."

"ஏன் எடுக்கமாட்டான்? கை இல்லையா அவனுக்கு?"

"இத்தனை நாள் ஜனங்க பார்த்திருக்காங்க. அவன் அப்படிப்பட்டவன் இல்லீங்க."

"அதனாலதான்யா அவன்! எவனும் எதிர்பார்க்கமாட்டான். கடைசிப் பக்கத்தைப் படிச்சியா? அழுதுக்கிட்டே ஒத்துக்கிறே. தட்டு கிடையாது, பாஷா கிடையாது. உன் மூஞ்சி மட்டும்தான். வேண்டாம்னா சொல்லு, டிரைவர்மேல போட்டுடறேன்."

டிரைவர்மேல் போட்டுவிடலாம். ஒரு வார்த்தை போதும். அது பர்ஸிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு ஒப்பனைக்குப் போனான்.

சரி, நடித்ததையாவது ஏனோதானோவென்று நடித்துத் தொலைத்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. எப்படி அழுவது என்று தேடியபோது, மாமியார் இறந்த அன்று அவத் அழுதது ஞாபகம் வந்தது. சத்தமே இல்லாமல், உதடு மட்டும் துடிக்க, இடைக்கச்சின் நுனியால் ஒரு கண்ணைத் துடைத்து, இன்னொரு கண்ணை அப்படியே ஒழுகவிட்டு அழுதார். பர்ஸி அதையும் எடுத்துக்கொண்டான். ஒரே தடவையில் காட்சி முடிந்தது. விளக்குத் தூக்குகிறவர்கள் கைதட்டினார்கள். அவனுக்கு யாரும் கைதட்டி அதற்கு முன் கேட்டதில்லை.

ஒளிபரப்பான அன்று நப்ரா பாதியிலேயே எழுந்து அடுக்களைக்குப் போனாள். பர்ஸி பின்னாலேயே போனான்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். வெட்கங்கெட்டவன், கேட்டே விட்டான்.

"எங்கம்மா செத்தப்ப எங்கண்ணன் அழுத அழுகைங்க அது," என்றாள் நப்ரா. "அதை எடுத்து ஒரு திருடனுக்குக் குடுத்துட்டீங்களே. வேற அழுகையே கிடைக்கலையா உங்களுக்கு?"

மறுநாள் தெருவில் இறங்கினால், குனாஃபா இனிப்புக் கடைக்காரன் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்து கட்டிப்பிடித்தான். "அடேய் திருட்டு மிர்கனி! எங்க வீட்ல எல்லாரையும் அழவெச்சுட்டியேடா!" பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். சங்கத்துக்குப் போனான். சலாம் சொன்னான், பதில் சலாம் வந்தது. நாற்காலி மட்டும் யாரும் இழுத்துப் போடவில்லை.

பெருநாள் வந்தது. ஆண்டுதோறும் முதல் ஆளாக வந்து தங்கை கையில் பெருநாள் காசு வைக்கிற அவத் வரவில்லை. அண்ணியைப் பார்க்கப் போன நப்ரா முகம் வெளுத்துத் திரும்பினாள்.

"பேரப்பிள்ளைங்க அண்ணனோட பையைத் தடவிப் பார்த்து விளையாடுதாம். 'மிர்கனி, மாலை எங்கே'ன்னு. ஹானிமும் சேர்ந்து சிரிக்கிறாங்களாம். வெள்ளிச் சாமான் அலமாரிச் சாவி அடுக்களை ஆணியிலதான் தொங்கும், இப்ப ஹானிம் கைப்பையில இருக்காம். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலை. அண்ணனே சாயங்காலம் கெளம்பறப்போ பையைத் திறந்து காட்டிட்டு வர்றாராம்."

"காட்டச் சொன்னாங்களா?"

"சொல்லலை. 'என்ன அவத் இது'ன்னாங்களாம். ஆனா பார்த்தாங்களாம்." நப்ரா மூக்கை உறிஞ்சினாள். "போய் எங்கண்ணன் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேளுங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

அவள் சொன்னதை மட்டும் செய்திருந்தால் இந்தக் கதை இல்லை. குற்றம் செய்த நெஞ்சு குறுகுறுக்கும், குறுகுறுக்கிற நெஞ்சுக்குச் சின்ன பரிகாரம் போதாது. பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு பர்ஸி ஜமாலிக்குக்கே போனான், நேரே ஹானிமைப் பார்க்க.

ஹானிமுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "அவத்! யாரு வந்திருக்காங்கன்னு பாரு! காப்பி கொண்டா!" என்று பர்ஸியைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தாள். வாழ்நாளில் அந்த மாதிரி நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறானே தவிர உட்கார்ந்ததில்லை. அவத் தட்டோடு வந்தார். மாப்பிள்ளையின் முன்னால் குனிந்து காப்பியை வைத்தார். இரண்டடி பின்னால் போனார். "வீடு நிறைஞ்சு இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லவில்லை.

"அந்த அழுகை எப்படி உஸ்தாஸ்? நான் தேம்பித் தேம்பி அழுதேன். எங்களுக்காக ஒரு தடவை அழுது காட்டுங்களேன்!" என்றாள் ஹானிம்.

பர்ஸி எழுந்து நின்றான். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு மறந்துபோய், சின்ன வயதிலிருந்து சங்கத்தில் கேட்ட சொற்கள் தாமாக வாயில் வந்து விழுந்தன.

"ஹானிம், அவத் எங்க ஆளு. அவருக்கு நாங்க பொறுப்பு."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான். ஹானிமின் சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது, கண் மட்டும் அலமாரிப் பக்கம் போய்விட்டது. பெரிய வீட்டுக்காரி அவள், அந்தச் சொற்கள் எப்போது சொல்லப்படும் என்று அவளுக்கும் தெரியும்.

"என்ன ஆச்சு? எதுக்கு இப்ப இதைச் சொல்றீங்க?"

"ஒண்ணும் ஆகலைங்க... அந்தத் தொடரைப் பார்த்துட்டு யாரும் தப்பா..."

"அவத், என்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க ஹானிம்."

அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். "சும்மா ஒரு தடவை பார்த்துடுவோமே. எனக்கு மனசு நிம்மதியா இருக்கும். உனக்கும்தான்."

அவத் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்பினார். கரண்டிகள், தட்டுகள், சர்க்கரைக் கிண்ணம், இடுக்கி. ஹானிம் விரலை நீட்டி எண்ணினாள். பர்ஸி நின்றுகொண்டே இருந்தான், யாரும் உட்காரச் சொல்லவில்லை. எல்லாம் இருந்தது. "பார்த்தியா, ஒண்ணும் குறையலை!" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள், ஏதோ அவருக்குப் பரிசு கொடுத்த மாதிரி. அவத் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிப் பூட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தார். இடைக்கச்சை அவிழ்த்து நான்காக மடித்து நாற்காலியின் மேல் வைத்தார். "வர்றேங்க ஹானிம்" என்றார். ஏதோ கடைக்குப் போய் வரப்போகிறார் என்றே அவள் நினைத்திருப்பாள்.

பஸ் நிறுத்தத்தில்தான் பர்ஸி அவரை எட்டிப் பிடித்தான்.

"மச்சான், செருப்பைக் கழட்டி என்னை அடிங்க."

"பெருநாளும் அதுவுமா எவன் அடிப்பான்? அதுவும் புதுச் செருப்பு."

"விளையாடாதீங்க மச்சான்."

"நீ ஏன்டா வந்தே?" அவர் குரல் உயரவே இல்லை. "பிள்ளைங்க விளையாட்டு ஒரு மாசத்துல ஓஞ்சிருக்கும். சாவியும் தானா ஆணிக்கு வந்திருக்கும். நான் சிரிச்சுக்கிட்டே சரி பண்ணியிருப்பேன். நீ வந்து பொறுப்புங்கிறியே, நான் எதை எடுத்தேன்னுடா நீ பொறுப்பு?"

பர்ஸி டிரைவர்மேல் போட்டிருக்கலாம் என்பதைச் சொல்லிவிட வாயெடுத்தான். அதைச் சொல்கிற தைரியம்தான் இல்லை.

அவத் அவன் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு சோஃபாவுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன் மாப்ளே. நீ அழுதே. என் அழுகைன்னு எனக்கே தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் பார்த்துக்கோ, எனக்கே சந்தேகமாயிடுச்சு. நெசமாவே நான்தான் எடுத்துட்டேனோன்னு. அப்படிப் பண்ணிட்டே நீ."

அதைக் கேட்டதும் பர்ஸியின் நெஞ்சில் முதலில் வந்தது துக்கம் இல்லை, சந்தோஷம். இத்தனை வருஷத்தில் இதைவிட ஒரு பாராட்டை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அதை விழுங்கப் பார்த்தான், முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டான். நடிகன்தானே, அது அவனுக்கு முடியும். ஆனால் எதிரே நின்றவர் எஜமானர்களின் முகம் பார்த்தே காலம் தள்ளியவர். அவர் பார்த்துவிட்டார்.

பஸ் வந்தது. "போ மாப்ளே, நப்ரா தேடுவா" என்று சொல்லி, அவன் தோளை ஒருமுறை தட்டிவிட்டு அவர் ஏறிக்கொண்டார்.