அரை மணிக்கு ஒரு ‘சாப்டீங்களா’

எழுபதுகளில் பென்னாகரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் இரண்டாவது ஆபரேட்டர். தற்காலிகம்தான். பகலெல்லாம் போர்டு என் கையில்.

சேலத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு வாரத்துக்கு, அரை மணிக்கு ஒருமுறை, அந்த நொடியில் போர்டில் எத்தனை பேச்சு ஓடுகிறது என்று எண்ணித் தாளில் எழுத வேண்டும். பேச்சு குறைவென்றால் இரண்டாவது ஆபரேட்டர் தேவையில்லை. அதாவது நான்.

திங்கட்கிழமைத் தாள்: பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், இரண்டு. அந்த இரண்டில் ஒன்று, நானே டீ சொல்லியது. கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. சாயங்காலம் ஜவுளிக்கடை பாயிடம் ஓடினேன்.

“அரை மணிக்கு ஒருக்கா யாருக்காச்சும் போன் போடுங்க பாய். உள்ளூருக்குத் தனிக் காசு இல்லீங்க.”

“யாருக்குப் போடறது தம்பி? எனக்குத் தெரிஞ்சவங்கல்லாம் கூப்புடற தூரத்துல இருக்காங்க.”

“எதுத்தாப்புல அரிசி மில்லுக்குப் போடுங்க.”

“அவரு மூஞ்சிய இங்கிருந்தே பாக்கறனே.”

“பாத்துக்கிட்டே பேசுங்க.”

அதோடு நின்றிருக்கலாம். பயம் விடவில்லை. ஊரில் போன் வைத்திருந்த அத்தனை பேரிடமும் அதையே சொல்லி வைத்தேன்.

போனின் கைப்பிடியைச் சுழற்றினால் போர்டில் அந்த எண்ணின் சிறு தகடு விழும். செவ்வாய் பத்தரைக்கு ஆலங்கட்டி மழைபோல எல்லாத் தகடுகளும் சேர்ந்து விழுந்தன. வேர்க்க வேர்க்க வயரைச் செருகினேன்.

“வூட்டுல சாப்டீங்களா மொதலாளி?” என்கிறார் பாய்.

“இப்பத்தான கேட்டீங்க, பத்து மணிக்கு?” என்கிறார் மில்காரர்.

“சரி, பதினோரு மணிக்குக் கேக்கறேன்.”

வெள்ளியன்று சேலத்து இன்ஸ்பெக்டரே வந்துவிட்டார். பன்னிரண்டுக்கு ஒரு தகடு மழை. அரை மணி நேரம் நிசப்தம். பன்னிரண்டரைக்கு மறுமழை.

“உங்கூர்க்காரங்க கடியாரம் பாத்துத்தான் பேசுவாங்களா? நடுவுல தொண்ட கட்டிக்குமா?” என்றபடி ஹெட்செட்டைத் தானே மாட்டிக்கொண்டார்.

ஒரு மணிக்கு முதலில் விழுந்தது மில் தகடு. மில் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல். எட்ட நின்ற எனக்கே கேட்டது.

“பாய் தொழுகைக்குப் போயிட்டாருங்க. இப்ப நான் யாருகிட்டங்க பேசறது?”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் முகம் அசையவில்லை.

“எங்கிட்டப் பேசுங்க. சாப்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க. நீங்க?”

“இல்லீங்க. இங்க ஒருத்தரு மயக்கம் போடப் பாக்கறாரு. அவர முடிச்சுட்டுத்தான்.”

என் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் கொடுத்தார். “எல்லாரையும் நிறுத்தச் சொல்லு. அடுத்த வாரம் மறுபடி எண்ணு. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம்.”

கடை கடையாகப் போய்க் கும்பிட்டேன். பாய்க்குக் கோபம்.

“நீ திருப்பினா பேசவும், நீ திருப்பினா நிறுத்தவும் நான் என்ன ரேடியோவா?”

மறுவாரம் யாரையும் கேட்காமல், ஒழுங்காகத்தான் எண்ணினேன். ஜவுளிக்கடைக்கும் மில்லுக்கும் செருகிய வயரைப் பிடுங்கவே வழியில்லை. மற்றவர்களும் பேச்சின் ருசி கண்டுவிட்டார்கள்.

வேலை நிரந்தரமான உத்தரவு வந்ததும் லட்டுப் பொட்டலத்தோடு பாய் கடைக்குப் போனேன். எதிரே நின்ற மில்காரரைப் பார்த்துக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தார். ‘இரு’ என்று கை காட்டினார்.

அரை மணி நேரம் நின்றேன்.