தோல் ஊரில் நாய்க்குக் கழுத்துப் பட்டை

வேலூர் லாங் பஜாரில் நான் நடந்து போனால் என் வீட்டுக்காரர் வேகமாக முன்னால் போய்விடுவார். யாரோ எவரோ என்ற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். காரணம் வேறொன்றுமில்லை, நான் நாய்களிடம் பேசுவேன். அரிசி மண்டி வாசலில் சுருண்டு கிடப்பதைப் பார்த்து, “இன்னாடா, சாப்ட்டியா? உடம்பு ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?” என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். “என் கிட்டப் படிச்ச பசங்க பாக்கறாங்கடி” என்பார். பார்க்கட்டுமே! தெரிந்த நாய் எதிரே வரும்போது பேசாமல் போனால் அது என்ன நினைக்கும்?

காட்பாடி ஸ்டேஷனில் ஒரு நாய் இருக்கிறது. பட்டணத்து வண்டி வந்து நின்றதும் எல்லாப் பெட்டியையும் விட்டுவிட்டு, எந்தப் பெட்டியில் சோற்று மூட்டை அவிழ்க்கிறார்களோ அங்கே போய் நிற்கும். போன தடவை என் வீட்டுக்காரருக்குக் கட்டிக்கொண்டு போன இட்லியில் பாதி அதற்குப் போயிற்று. ஆம்பூர் வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை. நாயாவது வாலை ஆட்டியது.

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கள் வீட்டு நாயால் பிடித்தது. அது போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஒரு சமயம் அதன் உயிர் என் அப்பாவின் வறட்டு கௌரவத்தில் மாட்டிக்கொண்டு தொங்கியது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நாங்கள் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருந்தோம். அப்பா ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. பதனிட்ட தோலைக் கையால் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போகாது. தெருவில் போகும் ஆட்டைப் பார்த்தால், “மேல் தோல் நல்லாருக்கு, வயித்துப் பக்கம் உண்ணி கடிச்சிருக்கு” என்பார். கோயிலில் எங்களுக்கு முன்னால் உட்காருகிறவரின் செருப்பைப் பார்த்துவிட்டு, பாதிரியார் பிரசங்கம் செய்கிற நேரத்தில் என் காதில் அதன் குறைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மா கண்ணாலேயே அதட்டுவாள்.

ஒருநாள் அப்பாவின் பின்னாலேயே ஷாப்பிலிருந்து ஒரு செவலைக் குட்டி வந்தது. ஷாப்பில் தோலிலிருந்து செதுக்கிப் போடுகிற சவ்வைத் தின்று வளர்ந்த குட்டி. அந்த நாற்றமும் கூடவே வந்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஒரு நாத்தம் வீட்டுக்கு வர்றது பத்தாதா, துணைக்கு ஒண்ணு வேணுமா?” என்றாள். அப்பா கால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார். குட்டி அடுப்பங்கரை வாசலில் படுத்துக்கொண்டது. பெயர் என்று தனியாக எதுவும் வைக்கவில்லை. அப்பா “துரை” என்பார். அம்மா “சனியனே” என்பாள். இரண்டுக்கும் அது ஓடி வரும், ஆனால் “சனியனே”க்குத்தான் அதிக வேகம். அந்தக் குரலுக்குப் பின்னால்தான் சோறு வரும்.

எதிர்வீட்டில் ஒரு பாய் இருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தோல் ஷாப்பில் அவரும் மேஸ்திரி. அவர் வீட்டு வாசலில் ஒரு கறுப்பு நாய் உண்டு. “உங்க நாய்” என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. “எங்க நாய் இல்ல. எங்க வாசல்ல இருக்கிற நாய்” என்று திருத்துவார். நாய் மேலே பட்டால் தொழுகைக்கு முன் மறுபடி கழுவிக்கொள்ள வேண்டும் என்பதால் எப்போதும் ஒதுங்கியே நிற்பார். ஆனால் பாயம்மா வேளை தவறாமல் எலும்பு போடும்போது, “அந்தப் பெரிசா இருக்கிறதையும் போடு” என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

எங்கள் செவலையும் அந்தக் கறுப்பும் தோஸ்த் ஆனதில் ஆச்சரியமே இல்லை. விடிந்ததும் ஒன்று குரைக்கும், இன்னொன்று பதில் சொல்லும், பிறகு இரண்டும் ஆற்றங்கரைக்கு ஊர் சுற்றப் போய்விடும்.

அந்த வருஷம் எங்கள் பக்கம் நாய் ஜாஸ்தியாகிவிட்டது. தோல் ஷாப்பு இருக்கிற ஊரில் நாய்க்குச் சாப்பாட்டுக்கா பஞ்சம்? ஒரு சாயங்காலம் பஞ்சாயத்து போர்டு ஆபீசிலிருந்து ஒருவன் தண்டோரா போட்டுக்கொண்டு வந்தான். இனிமேல் கழுத்துப் பட்டை இல்லாத நாயெல்லாம் தெரு நாய். பிடித்து வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். வண்டியில் போன நாய் திரும்பி வராது என்று அவன் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். நான் செவலையை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். அப்பாவோ சிரித்தார்.

“தோல் ஊர்ல இருந்துக்கினு பட்டைக்குப் பயப்படுறதா? நாளைக்கே கட்டிடலாம்” என்றார்.

கட்டினார். அவர் ஷாப்பிலேயே முதல் தரமான தோலில், எண்ணெய் போட்டுத் தடவித் தடவிப் பளபளவென்று ஒரு பட்டை. தோலைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதருக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பாயும் அவர் ஷாப்புத் தோலில் ஒரு பட்டை கொண்டுவந்து, பாயம்மாவை விட்டுக் கறுப்புக்குக் கட்டச் சொன்னார். இரண்டு மேஸ்திரிகளும் வாசலில் நின்று ஒருவர் பட்டையை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் இரண்டு நாய்க்கும் கழுத்து வெறுமையாக இருந்தது. செவலையின் பட்டையைக் கறுப்பும், கறுப்பின் பட்டையைச் செவலையும் தின்று தீர்த்திருந்தன. பக்கிள்கள் மட்டும் மண்ணில் கிடந்தன. சவ்வைத் தின்று வளர்ந்த நாய்களுக்கு அது விருந்துதானே?

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சோத்தைக் கொண்டுபோய்க் கழுத்துல கட்டிவிட்டா தின்னாம இன்னா பண்ணும்?” என்றாள்.

அவ்வளவோடு விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். பாய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “மேஸ்திரி, தப்பா நெனைக்காதீங்க. உங்க பட்டைதான் முதல்ல காலியாச்சாம். தோல் பதம் வரல போல. பதம் வந்த தோலை நாய் அவ்ளோ சீக்கிரம் திங்காது” என்றார்.

அப்பாவின் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன். அவரைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பதம் வராத தோலா! “உங்க பட்டையில பக்கிளையும் சேத்துத் தின்ன பாத்துச்சே, அதுக்கு இன்னா சொல்றீங்க பாய்?” என்று திருப்பிக் கேட்டார். “அரே, அது பசியில” என்றார் பாய்.

அன்றிலிருந்து நாய்கள் இரண்டும் தோல் சோதிக்கும் மெஷின்களாகிவிட்டன. அப்பா ஒரு எருமைத்தோல் பட்டை கொண்டுவருவார். பாய் அதைவிடத் தடிமனாக ஒன்று கொண்டுவருவார். காலையில் எது மிச்சமிருக்கிறது என்று இருவரும் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். எதுவும் மிச்சமிருக்காது. செவலையும் கறுப்பும் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகச் சாப்பிட்டதில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. என் நாயின் உயிர் இங்கே ஊசலாடுகிறது, இவர்களுக்குப் பந்தயமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதற்குள் பக்கத்துத் தெருவுக்கு வண்டி வந்து போய்விட்டது. அங்கே நாங்கள் பார்த்துப் பழகிய நாய்கள் சிலவற்றைக் காணோம். நான் சாப்பிடாமல் அழுதேன். அம்மா தன் பழைய சிவப்புப் புடவையின் கரையைக் கிழித்து, நாலாக மடித்து, நெருக்கமாகத் தைத்து, செவலையின் கழுத்தில் கட்டிவிட்டாள். கறுப்பு வந்து முகர்ந்து பார்த்தது. துணியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கம் தோல் ஷாப்புகளுக்கெல்லாம் வெள்ளிக்கிழமைதான் லீவு. அப்பா வீட்டிலிருந்தார். நாயின் கழுத்தைப் பார்த்தார்.

“இது இன்னா?”

“பட்டை” என்றாள் அம்மா.

“மேஸ்திரி வீட்டு நாய்க்குத் துணிப் பட்டையா? எதிர்வீட்டு ஆளு பாத்தா சிரிக்கமாட்டாரு? புதுசா ஒண்ணு ஆவாரம்பட்டைத் தண்ணில ஊறுது. இந்தத் தடவ பதம் வரட்டும், அப்புறம் பாரு. ரெண்டு நாள் பொறு.” சொல்லிக்கொண்டே அதை அவிழ்த்துவிட்டார்.

அம்மா அதை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். “நான் தெச்சது உங்களுக்கு அவமானம்னா அடுப்புக்காவது ஆவட்டும்” என்று எரிகிற அடுப்பில் போட்டாள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். எனக்கு அந்தக் கோபம் அப்படியே வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

தெருவிலுள்ள பாய்மாரெல்லாம் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. முதலில் பாயம்மாவின் கத்தல்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், செவலையும் கறுப்பும் சேர்ந்தாற்போல் ஒரே சுருக்கில் மாட்டியிருந்தன. நீளக் கழியின் முனையில் இருந்த கம்பி கழுத்தை இறுக்க, செவலை நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் “அப்பா” என்று அலறினேன்.

அப்பா வெளியே வந்தார். தெருவில் இறங்குவதென்றால் கோட்டும் தலைப்பாகையும் இல்லாமல் இறங்காத மனிதர், பனியனோடு வந்தார்.

“விடுப்பா, அது வீட்டு நாய்” என்றார்.

“பட்டை எங்க சாமி?” என்றான் நாய் பிடிக்கிறவன். “இது தோல் ஊரு. வீட்டு நாயா இருந்தா ஒரு பட்டை இருக்காதா?”

அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அப்பா எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் அவருக்கு அந்தத் துணிப் பட்டையின் சாம்பல்தான் தெரிந்திருக்கும். ஊறுகிற பட்டையோ ஷாப்புத் தொட்டியில். அவன் கழியை வண்டிப் பக்கம் இழுத்தான்.

அப்பா வேட்டியின் மேல் அகலமான பெல்ட் ஒன்று கட்டியிருப்பார். எங்கள் பக்கத்தில் தோல் ஷாப்புக்காரர்கள் எல்லோரும் கட்டுவதுதான். ஒரு கையால் அதை அவிழ்த்தார். இன்னொரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். தெரு முழுக்கப் பெண்கள் நிற்கிறார்கள். அவர் குனிந்து பெல்ட்டைச் செவலையின் கழுத்தில் சுற்றினார். அப்புறம் கறுப்பைப் பார்த்தார். பெல்ட் ஒன்றுதான் இருந்தது. என்ன நினைத்தாரோ, சுற்றியதைப் பிரித்து, இரண்டு கழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து, இரண்டையும் சேர்த்துச் சுற்றிப் பக்கிளை மாட்டிவிட்டார். இரண்டு கையும் அதற்குத் தேவைப்பட்டதால் வேட்டியை முழங்கையால் இடுக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. பாயம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

“சாமி, இது மனுசன் கட்டற பெல்ட்டு” என்றான் அவன்.

“தோலா இல்லியா?”

“தோலுதான்.”

“கழுத்துல இருக்கா இல்லியா?”

“இருக்கு. ஆனா ஒரு பட்டையில ரெண்டு நாயா?”

“நாய்க்கு ஒண்ணுன்னு தண்டோரா போட்டவன் சொன்னானா? போய்க் கேட்டுக்கினு வா, போ.”

அவன் நாய்களைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுருக்கைத் தளர்த்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். நான் இரண்டு நாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

தொழுகை முடிந்து பாய் தெருமுனையில் வந்தார். வெள்ளை வெளேரென்று சலவை உடுப்பு. நடுத்தெருவில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாவைப் பார்த்து, “இன்னா மேஸ்திரி இது கோலம்?” என்றார். பாயம்மா உருதுவில் படபடவென்று நடந்ததைச் சொன்னார். பாய் சிரிக்கவில்லை. மண்ணில் அப்படியே உட்கார்ந்து, கறுப்பின் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அது அவர் முகத்தை நக்கியது, வெள்ளை உடுப்பெல்லாம் எச்சிலாக்கியது. அவர் தடுக்கவே இல்லை. “மேஸ்திரி, உங்க தோல் நல்ல பதம்” என்றார்.

அப்பா அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. நேராக அம்மாவிடம் போனார். வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

“அந்தப் புடவைக் கரை இன்னும் மிச்சம் இருக்கா? ரெண்டு தெக்கணும்.”

அம்மா உள்ளே போய் ஊசியையும் நூலையும் எடுத்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு நாய்களும் சிவப்புக் கரை கட்டிக்கொண்டன. ஷாப்பு ஆட்கள் கிண்டல் செய்யாமல் இருப்பார்களா? “மேஸ்திரி நாய்க்குச் சேல கட்டிட்டாரு” என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா தினமும் சாயங்காலம் செவலையைக் கூட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாகவே போய் வந்தார். அப்பாவை நினைத்து நான் மிகவும் பெருமைப்பட்டது அந்த நாட்களில்தான்.

செவலை நெடுங்காலம் இருந்தது. கரை நைந்து போனால் அம்மா வேறொன்று தைப்பாள். கண் மங்கி, காது கேட்காமல் போய், கடைசியில் ஒரு பகல் பொழுதில் கிணற்றடி நிழலில் படுத்தது எழுந்திருக்கவில்லை. நான் அப்போது கல்யாணமாகிப் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தேன். அப்பாவும் பாயும் சேர்ந்துதான் குழி தோண்டினார்கள். கறுப்பு அதற்கு முந்தின வருஷமே போய்விட்டிருந்தது. அம்மா “சனியனே, சனியனே” என்று தேம்பிக்கொண்டே, கழுத்திலிருந்த துணியை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள அவிழ்க்கப் போனாள்.

அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இருக்கட்டும் விடு. போற எடத்துலயும் எவனாவது பட்டை எங்கன்னு கேட்டா, நான் பக்கத்துல இருக்கமாட்டேனே” என்றார்.