மதகைத் திறந்தவர் யார்?

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். ஆசீர்வாதம் என் சின்னம்மாவின் மூன்றாவது மகன். அவனுக்கு வாய்க்காலின் கடைசியில் மூன்று மா நிலம், ஒரு ஏக்கர் தேறும். முறைத் தண்ணீர் வந்து சேரும்வரை வரப்பில் காத்துக் கிடக்க வேண்டும். அடுத்த வயல்காரர் பகலவன், கறுப்புச் சட்டைக்காரர். காத்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு பேருக்கும் கடவுள் வழக்குதான். நாற்பது வருஷமாக.

"வாய்க்கால்ல தண்ணி வந்தா, மேல எவனோ மதகைத் தொறந்திருக்கான். இம்மாம் பெரிய உலகத்துக்கு ஒருத்தர் வேணாமா மச்சான்?"

"அந்த ஒருத்தரைத் தொறந்து விட்டது யாரு மாப்ளே?"

"அவருக்கு முன்னால யாருமில்ல."

"அப்ப உலகத்துக்கு முன்னாலயும் யாருமில்லேன்னு வச்சுக்க. நடுவுல ஒரு ஆளு எதுக்கு? அதுவும் நல்லவருங்கிற. புயல்ல என் தென்னை அத்தனையும் சாஞ்சப்ப எங்க போயிருந்தாரு?"

ஒருமுறை இந்த மும்முரத்தில் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போனதே தெரியவில்லை. டீத்தூக்கோடு வந்த ஆசீர்வாதத்தின் மனைவி விண்ணரசிதான் கத்தினாள்: "சாமி இருக்காரோ இல்லையோ, வரப்பு இல்ல! எந்திரிங்கண்ணே!"

பகலவனை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அந்த முறையில்தான் இவர்கள் மச்சானும் மாப்பிள்ளையும்.

போன ஆடியில், மூன்று நாள் காய்ச்சலில் விண்ணரசி போய்விட்டாள். அதன்பின் ஆசீர்வாதம் மாதா கோயிலுக்கும் போகவில்லை, வரப்பில் வழக்கும் பேசவில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. ஊரே வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றும் நாள். இவன் கட்டிலை விட்டு அசையவில்லை. அவள் கல்லறை மட்டும் புல் மண்டிக் கிடக்குமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

மத்தியானம் பகலவன் சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றார்.

"கெளம்பு மாப்ளே."

"நீ சொன்னதுதான் சரி மச்சான். மேல யாருமில்ல. நீ ஜெயிச்சுட்ட, போ."

"நான் இல்லேன்னது உங்க ஆண்டவரைய்யா. என் தங்கச்சிய என்னைக்காவது இல்லேன்னேனா?"

ஆசீர்வாதம் எழுந்து சட்டையை மாட்டினான்.

கல்லறையில் இவன் புல் பிடுங்க, அவர் வெள்ளையடித்தார். ஏற்றிய மெழுகுவத்தி காற்றில் அணைந்து அணைந்து போனது. பகலவன் தோள் துண்டை விரித்து மறைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லேங்கிற ஆளு, எதுக்குய்யா இப்படிப் பிடிக்கிற?"

"அணைஞ்சா அவ திட்டுவா."

"செத்தவ எப்படித் திட்டுவா? சொல்லு பாப்பம்."

பகலவன் துண்டை இறக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை முறைத் தண்ணி வருதுல்ல? அங்க வா, சொல்றேன்."

வெள்ளிக்கிழமை டீத்தூக்கை நான் எடுத்துப் போனேன். தூரத்திலேயே இரண்டு பேரின் வழக்குச் சத்தம் கேட்டது. முதலில் வரப்பு இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.