பிள்ளையின் பெயரைச் சொல்லாத தாய்

பவானிபூர் போலீஸ் இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்தபோது அதில் மூன்றே வரிதான் இருந்தது. "மனுதாரரான அம்மாளை வீட்டில் கண்டு விசாரித்தேன். கூட இருக்கும் ஆண்பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. பிள்ளை அவருடையதுதானா என்பது சந்தேகம்." அதன் கீழே துரை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "பிள்ளையை நீக்கிவிட்டு அம்மாளுக்கு மட்டும் பாஸ்போர்ட் கொடுக்கலாம்."

அந்த மனுவை எழுதியவன் நான்தான்.

பெரிய யுத்தத்துக்கு முன்னால் கப்பல் ஏற டிக்கெட் போதும். யுத்தத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் என்று ஒன்று வந்து சேர்ந்தது. கல்கத்தாவில் எங்கள் சர்க்கார் ஆபீஸில் அதற்கென்று ஒரு பிரிவு. ஒரு துரை, இரண்டு வங்காளி குமாஸ்தாக்கள், திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த நான். மனு வரும், போலீஸ் என்கொயரிக்குப் போகும், ரிப்போர்ட்டோடு திரும்பும், துரை கையெழுத்துப் போடுவார். குமாஸ்தாக்கள் யாருக்கும் மனு எழுதித் தரக்கூடாது என்பது ஆபீஸ் ஆர்டர். முந்தின வருஷம்தான் ஒருவனுக்கு அதற்காக வேலை போயிருந்தது.

ஆனால் ஊர்க்காரர் வீடு தேடி வந்து கேட்டால் ஆர்டரைக் காட்டித் திருப்பி அனுப்புகிற கல்நெஞ்சம் எனக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரலிங்கம் பிள்ளை தன் மருமகள் கோமதியையும் மூன்று வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் ஒரு கம்பெனியில் கணக்கர். கோமதி கர்ப்பமாக இருந்தபோது பஸ்ரா கிளைக்குப் போனவன், இன்னும் லீவு கிடைக்காமல் அங்கேயே கிடந்தான். பிள்ளை முகத்தை போட்டோவில் பார்த்ததோடு சரி. இப்போது அங்கே வீடு பார்த்துவிட்டான், பம்பாயில் கப்பலுக்கும் சொல்லிவைத்தாயிற்று.

பிள்ளையின் பெயர் என்ற இடத்தில் நான் நிறுத்தி முத்து முத்தாக எழுதினேன்: சங்கரலிங்கம். தாத்தா பெயர். எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்கு வேறு பெயர் வைத்தால் தாத்தா அந்த வீட்டில் சாப்பிடமாட்டார்.

இன்ஸ்பெக்டர் போன நேரம் பெரியவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். "கோகார் நாம் கீ?" பையன் பெயர் என்ன என்று இன்ஸ்பெக்டர் வங்காளியில் கேட்டதும் கோமதிக்குக் கேள்வி புரிந்திருக்கிறது. அந்த அளவுக்கு அந்தப் பாஷை அவளுக்குத் தெரியும். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் எப்படிச் சொல்வாள்? வீட்டில் கூப்பிடுகிறபடி "ராசா" என்றாள். காகிதத்தில் அப்படி இல்லையே என்று அவர் மறுபடி கேட்க, தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் பெயரைச் சொல்லாத காரணம் எனக்கு ரிப்போர்ட்டைப் பார்த்த அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. என் வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி எங்கள் மூத்தவனைப் 'பெரியவனே' என்றுதான் கூப்பிடுவாள். துரையிடம் போய் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார், கையெழுத்தை ஒத்துப்பார்ப்பார், வேலை போகும். பைலை மற்ற பைல்களுக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது.

மூன்றாம் நாள் அவர்களே வந்துவிட்டார்கள். பெரியவர் வராந்தா பெஞ்சில் உட்கார, கோமதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மேஜையருகே நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"இவனை விட்டுட்டு எனக்கு மட்டும் எதுக்கு அண்ணாச்சி? இவன் முகத்தைப் பாக்கத்தான அவுக காத்துக் கெடக்காக" என்றாள். அழவில்லை. "நாங்க போகலைன்னு எழுதிப் போட்டிருதேன்."

அந்த வார்த்தைதான் என்னை எழுப்பியது. நேரே துரை அறைக்குப் போய் வழக்கத்தைச் சொன்னேன். மனு எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

துரை வாயிலிருந்த பைப்பை எடுத்து வைத்தார். "உன் கையெழுத்தைத் தினம் ஐம்பது தடவை பார்க்கிறேன். மனு வந்த அன்றே தெரியும். நீயே சொல்வாய் என்று பார்த்தேன்." பிறகு, "வழக்கம் இருக்கட்டும். போலீஸ் ரிப்போர்ட்டுக்கு எதிராக நான் எழுத வேண்டும். தாய் ஒரு தரம் என் எதிரில் சொல்லட்டும்" என்றார்.

கோமதியை உள்ளே கூட்டிவந்து விஷயத்தைச் சொன்னேன். "உனக்கு மனசில்லைன்னா வேற வழி பாக்கலாம்" என்றேன். வேறு வழி எதுவும் எனக்குத் தெரியாது. அவள் அரைக்கதவுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் பெரியவரின் வேட்டி தெரிந்தது. பிள்ளையைக் கீழே இறக்கி நிறுத்தி, துரையைப் பார்த்து நிமிர்ந்து சொன்னாள்.

"சங்கரலிங்கம்."

சொன்ன கையோடு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். பையனோ கதவைக் காட்டி, "தாத்தா" என்றான். அவன் அறிந்தவரை அந்தப் பெயருக்கு ஒரே ஆள்தான். நான் மொழிபெயர்த்ததும் துரை சிரித்துவிட்டார். சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தவள் மாமனார் முகத்தைப் பார்க்க முடியாமல் தூணோரம் நின்றாள். அவர் பேரனைத் தூக்கிக்கொண்டார்.

"நல்லா வெளங்கச் சொன்ன தாயி. இங்க வரைக்கும் கேட்டுது" என்றார். "பிள்ளையை அப்பன்கிட்ட சேக்கலைன்னா, பெறவு எம் பேரு எதுக்கு ஆகும்?"

பின்னால் அந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்தபோது விவரம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "என் மனைவியும் என் தகப்பனார் பெயரைச் சொல்லமாட்டாள், ஐயா. ஆனால் அதையே பிள்ளைக்கும் வைப்பீர்கள் என்று யார் கண்டது?"

எனக்கு வேலை போகவில்லை. ஒரு வாய் எச்சரிக்கையோடு விட்டார்கள். அதன் பிறகு நம்மவர் மனு எது வந்தாலும், பிள்ளையை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று தாயிடம் கேட்டு ஓரத்தில் குறிக்காமல் என்கொயரிக்கு அனுப்பியதில்லை. இளைய குமாஸ்தாக்களுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவர்களிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். கல்யாணமானதிலிருந்து கட்டிக்காத்த வழக்கத்தை விட்டு வாய் திறக்கக் கோமதிக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. எனக்கு இரண்டு நாள் பிடித்தது.