மீனிங் பாட்டு

மரத்தில் கடைந்த சின்னக் குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் "டக் டக்" ஓசையை இன்று எங்கே கேட்டாலும் எனக்கு ஒரு பழைய பயம் வந்துவிடும். அந்தக் குச்சிகளில் வெள்ளை நூலைச் சுற்றி, உருண்டைத் தலையணை ஒன்றின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூலை மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டே போனால், சீமைத் துரைசானிகளின் உடுப்பு ஓரத்துக்கு ஏற்ற பூவேலை வரும். லேஸ் என்று இன்று சொல்வதை அன்று நாங்கள் "ரேந்தை" என்போம். முப்பதுகளின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் அந்தச் சத்தம் கேட்கும். எங்கள் வடசேரி வீட்டில் அதை எழுப்பியவள் என் அக்கா பாக்கியம். படிப்பு நின்றுபோனதால் ரேந்தைக்கு வந்தவள் அவள். அடுத்தது நான்தானோ என்பதுதான் அந்தப் பயம்.

எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகள் எல்லாம் தமிழில்தான். அதைத் தாண்டியதும் பூகோளம், சரித்திரம், கணக்கு எல்லாமே ஒரே நாளில் இங்கிலீஷுக்குக் குடிபெயர்ந்துவிடும். நேற்றுவரை நன்றாகப் பழகிய மலையும் ஆறும் முன்பின் அறியாதவர்களைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதற்கு எஸ்தர் டீச்சர் வைத்திருந்த மருந்து பாட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடும் கீர்த்தனை ஒன்றின் மெட்டில், "ஐலண்ட் என்றால் தீவு, கேப் என்றால் முனை, ரிவர் என்றால் ஆறு, ஹார்வெஸ்ட் என்றால் அறுப்பு" என்று வார்த்தையையும் அர்த்தத்தையும் கோத்துக் கொடுப்பார். வகுப்பு முழுவதும் கையைத் தட்டிப் பாடும். பாடம் ஏற ஏறப் பாட்டும் நீளும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் "மீனிங் பாட்டு". வசனத்தையும் கீர்த்தனையையும் மனப்பாடமாக ஒப்பித்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. நடுவில் இருக்கும் வார்த்தைக்கு வழி தெரிய வேண்டுமானால் பாட்டை முதலடியிலிருந்து பாடிக்கொண்டுதான் வர வேண்டும்.

அந்தச் சங்கடம் முதலில் கடித்தது அக்காவைத்தான். ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கார் இன்ஸ்பெக்ட்ரஸ் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக நிறுத்தி வாசிக்கச் சொல்லிக் கேள்வி கேட்பார், அவர் தலையசைத்தால்தான் அடுத்த வகுப்பு. அக்காவிடம் அவர் கேட்டது பாட்டில் இருந்த வார்த்தைதான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் தீவிலிருந்து தொடங்கி, முனையைச் சுற்றி, ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் இன்ஸ்பெக்ட்ரஸ் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார். அன்று சாயங்காலம் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் திடீரென்று இன்ஸ்பெக்ட்ரஸ் கேட்ட வார்த்தையின் அர்த்தத்தைச் சத்தமாகச் சொன்னாள். அம்மா அவள் கையிலிருந்து தேங்காய் முறியை வாங்கிக்கொண்டாள்.

எங்கள் அப்பாவுக்குக் கோட்டாற்றில் கருப்பட்டிக் கடை. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. எதையும் தராசில் வைத்துப் பார்க்கிறவர், அவ்வளவுதான். தோற்ற பிள்ளையை அதே வகுப்பில் திரும்ப உட்காரவைப்பது அவர் கணக்கில் வராது. அக்காவுக்கு ரேந்தைத் தலையணை வந்தது. என் முறை வந்த வருஷம், சாப்பிட்டுக் கைகழுவும்போது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். சின்னவளும் தோத்துட்டான்னா ரெண்டு பேரும் ரேந்தையில இருக்கட்டும்."

நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. அன்று முதல் சோறு இறங்கவில்லை. பல் தேய்க்கும்போதும், தண்ணீர் கோரும்போதும், பள்ளிக்குப் போகும் வழியில் வடசேரிச் சந்தைக்கு வரும் மாட்டுவண்டிகளுக்கு ஒதுங்கி நிற்கும்போதும் உதடு மீனிங் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். இதை "வெப்ராளம்" என்பாள் அம்மா. பதற்றமும் பயமும் வேதனையும் ஒன்றாய்க் கலந்த நிலைக்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. அதைவிடப் பொருத்தமான வார்த்தையை நான் பிற்பாடு எந்த அகராதியிலும் பார்க்கவில்லை. அக்கா குச்சிகளை மாற்றிக்கொண்டே கூடப் பாடுவாள். நான் ஓரிடத்தில் தடுக்கினால் அவள் எடுத்துக் கொடுப்பாள். அவள் தவறியதே கிடையாது. அதுவே என் பயத்தை இரட்டிப்பாக்கியது. இத்தனையும் தெரிந்தவளே தோற்றாள் என்றால் நான் எம்மாத்திரம்?

எஸ்தர் டீச்சரின் கட்டளை ஒன்றும் இருந்தது. தெரியாத வார்த்தை வந்தால் தாண்டிப் போகக் கூடாது, நிற்க வேண்டும், அர்த்தம் தெரிந்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும். தாண்டிப் போவது சோம்பேறித்தனம், ஏறக்குறையப் பொய் சொல்வதற்குச் சமானம் என்பார். நாங்கள் அதை வேதாகமத்தின் பத்துக் கற்பனைகளுக்கு அடுத்த கட்டளையாகவே வைத்திருந்தோம்.

இன்ஸ்பெக்ட்ரஸ் வந்த அன்று பள்ளி வாசல்வரை அக்கா கூட வந்தாள். என் சடையை அவிழ்த்து மறுபடியும் பின்னிவிட்டாள். "பேடிக்காத மக்கா, பயப்பட ஒண்ணுமில்ல. பாட்ட முதல்ல இருந்து பிடி. நடுவுல விட்டுராத," என்றாள். அவளைக் கவிழ்த்துவிட்ட அதே வழியைத்தான் அவள் எனக்குச் சொல்லி அனுப்பினாள். அவளிடம் வேறு வழி இருக்கவில்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மையார் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். வாசகப் புத்தகத்தில் இல்லாத புதுப் பாடம். முதல் வரி ஓடியது. இரண்டாம் வரியில் "எவாப்பரேட்" என்று ஒரு வார்த்தை, மாட்டுக்கொம்பு போல நீட்டிக்கொண்டு நின்றது. வாயால் எப்படியோ வாசித்து முடித்தேன். கடைசிவரை வாசித்தும் மனம் இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டது. தண்ணீருக்கு என்ன ஆகிறது என்று அவர் கேட்டார். மீனிங் பாட்டைத் தீவிலிருந்து தொடங்கினேன். முடிவுவரை வந்தேன், அந்த வார்த்தை இல்லை. மறுபடியும் தீவுக்கு ஓடினேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, அடுத்து நின்ற பிள்ளையின் பக்கம் கழுத்தைத் திருப்பத் தொடங்கினார். ரேந்தைக் குச்சிகளின் சத்தம் அங்கேயே கேட்டது எனக்கு.

அந்தப் பதற்றத்தில்தான் நான் கட்டளையை மீறினேன். அந்த வார்த்தையைத் தாண்டிக் குதித்தேன். மிச்சமிருந்தவை எல்லாம் தெரிந்த முகங்கள்: ஸீ, ஸன், ஸால்ட். கடல், வெயில், உப்பு. சட்டென்று தாமரைக்குளம் உப்பளம் கண்முன் வந்தது. விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போனால் அங்கே கூட்டிப்போவார். பாத்தியில் கட்டிய உவர்நீர் வெயிலில் வற்றி, வெள்ளையாகப் பொருக்குத் தட்டி உப்பு இறங்கியிருக்கும். "வாட்டர் கோ, ஸால்ட் ஸிட்," என்று உளறினேன். தண்ணீர் போகும், உப்பு உட்காரும். வகுப்பு சிரித்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் சிரிக்கவில்லை, என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

எனக்குச் சந்தோஷமே வரவில்லை. ஏதோ திருடிக்கொண்டு வருகிறவளைப் போல வெளியே வந்தேன். எஸ்தர் டீச்சர் கூப்பிட்டு, தாண்டினாயா என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். வாசலில் வேப்பமரத்தடியில் அக்கா காத்திருந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். என்னைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டாள்:

"என்ன வார்த்த கேட்டாவ?"

"எவாப்பரேட்."

"அது நம்ம பாட்டுல கிடையாதே. பின்ன எப்பிடிட்டி சொன்ன?"

"மாமா கூட்டிட்டுப் போன உப்பளத்த நெனச்சேன் அக்கா."

அவள் நின்றுவிட்டாள். ஒரு வண்டி எங்களைக் கடந்து போனது. பிறகு, யாரிடமோ சொல்வது போல, "நானும் பாத்திருக்கேனே உப்பளத்த," என்றாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போலத் தலையணை முன் உட்கார்ந்து குச்சிகளை எடுத்தாள், பாட்டும் வந்தது. கடைசி அடி முடிந்தபோது குச்சிகள் நிற்கவில்லை. அதே மெட்டில், "எவாப்பரேட் என்றால் வத்திப்போகுதல்" என்று ஒரு அடியைக் கூட்டிப் பாடினாள். அதன்பிறகு நான் எந்தப் புது வார்த்தையோடு வந்தாலும் அவள் அதை வாங்கிப் பாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

நான் படித்தேன், டீச்சரும் ஆனேன். தாண்டிப் போ, பிறகு திரும்பி வந்து பார்த்துக்கொள் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அக்கா வேப்பமரத்தடியில் நிற்பது போலவே எனக்குத் தோன்றும். இன்று என் பேத்தி எடுத்த எடுப்பிலேயே இங்கிலீஷில் படிக்கிறாள். அவளுக்கு வெப்ராளம் என்றால் என்னவென்று நான் விளக்கவேண்டியிருக்கிறது. அந்தப் பள்ளிக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். நாங்கள் பார்த்த பாத்திகள் இருந்த இடத்தில் இப்போது தென்னந்தோப்பு. எஸ்தர் டீச்சரும் அக்காவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மீனிங் பாட்டை முழுதாகப் பாடத் தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான். சில சாயங்காலங்களில் தனியாக இருக்கும்போது தீவிலிருந்து தொடங்குவேன். டீச்சர் கட்டிய அடிகள் முடிந்த இடத்தில் நிறுத்துவதில்லை. அக்காவின் வார்த்தையையும் பாடிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.